நந்தம்பாக்கத்தில் நான் காட்டிய கல்

1. மைக் கைக்கு வந்தது

தருமபுரியில் ஒரு டிராவல்ஸில் ஆறு வருஷம் டூரிஸ்ட் பஸ் கிளீனராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மெட்ராஸ் டிரிப்பின்போது எங்கள் கைடு வேலூரில் வயிற்றுவலி என்று இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பஸ் நிறையக் கடத்தூர்ப் பக்கத்து ஜனங்கள்; அப்படிச் சேர்ந்து வருகிறவர்களைப் பார்ட்டி என்போம். டிரைவர் சின்னசாமி அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மைக்கை எடுத்து என் மடியில் போட்டார்.

"பேசுடா அந்தோணி."

"எனக்கு என்னண்ணா தெரியும்?"

"ஆறு வருஷமா அந்தாளு பேசறதக் கேட்டுக்கிட்டுத்தானே டயர் மாத்தின? அதையே ஒப்பிச்சு வுடு. யாரும் உனக்குப் பரீட்சை வெக்கப் போறதில்ல."

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். பந்தியில் உட்கார்ந்தால் இரண்டாம் தடவை குழம்பு கேட்கக் கூச்சப்படுகிறவன். அத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச என்னால் ஆகாது. அதனால் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பார்ட்டிக்கு முதுகைக் காட்டியபடியே பேசினேன். பூந்தமல்லி வருவதற்குள் குரல் நடுக்கம் போய்விட்டது. பழைய கைடு எங்கே மூச்சு வாங்குவார், எங்கே ஜோக் சொல்வார் என்பது வரைக்கும் என் மண்டையில் இருந்தது. அந்த ஜோக்குக்கு அன்றும் சிரித்தார்கள். அடுத்த மாதம் முதலாளி என்னை நிரந்தரமாகக் கைடாக்கிவிட்டு வேறு கிளீனரைப் போட்டுக்கொண்டார்.

நன்றாகவே செய்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. எந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தினால் நிழல் கிடைக்கும், எந்த வாசலில் கூட்டம் குறைவு, எத்தனை நிமிஷம் விட்டால் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு குறைதான் இருந்தது. எனக்கு ஒரு எழுத்துகூட இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. சின்னசாமி அண்ணனைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

2. மூன்று யுத்த பாயின்ட்

பார்க்கும் இடங்களை நாங்கள் பாயின்ட் என்போம். மெட்ராஸ் டிரிப்பில் கடற்கரை, மியூசியம், கோயில், சர்ச் எல்லாம் உண்டு. அவற்றோடு யுத்தம் சம்பந்தப்பட்ட பாயின்ட் மூன்று.

பூந்தமல்லியிலிருந்து உள்ளே வரும்போதே நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் வந்துவிடும். அதுதான் முதல் பாயின்ட். பிறகு கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி வட்டமாகத் தூண்கள் நிற்கும் போர் நினைவுச் சின்னம். கடைசியாக ஹைகோர்ட் மதில். முதல் உலகப் போரில் எம்டன் கப்பல் போட்ட குண்டு விழுந்த இடம் என்று அங்கே ஒரு கல் பதித்திருக்கிறார்கள். நம் ஊரில் தந்திரக்காரனை எம்டன் என்று ஏன் சொல்கிறார்கள் என்று அங்கே விளக்குவேன். "எங்க மாமனாரை இங்க கூட்டியாந்து நிறுத்தணும்ங்க" என்று ஒவ்வொரு பார்ட்டியிலும் ஒருவராவது சொல்லாமல் இருந்ததில்லை.

இந்த மூன்றில் நம் ஜில்லாக்காரர்கள் அசந்து நிற்பது நந்தம்பாக்கத்தில்தான். வெட்டிவிட்ட புல்தரையில் ஒரே உயரத்தில் வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், நம்பர், பட்டாளத்து முத்திரை, வயது; கிறிஸ்தவர் கல் என்றால் பெரும்பாலும் சிலுவையும் இருக்கும். அங்கே போனதும் ஆண்கள் துண்டை இறக்கிக்கொள்வார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நான் யாருக்கும் அதைச் சொல்லித் தருவதில்லை. தருமபுரிப் பக்கத்தில் சண்டையில் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லை வேடியப்பன் என்று இன்றைக்கும் கும்பிடுகிறோம். நான் கத்தோலிக்கன்தான், ஆனாலும் எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் வேடியப்பன் கல் உண்டு. அதைத் தாண்டும்போது நாங்களும் பீடியை மறைத்துக்கொள்வோம். அதனால் கல்லைக் கண்டால் எங்களுக்குக் கை தானாகக் கூடிவிடும்.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, காக்கி அரைக்கால் சட்டை. அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றுதான். "பூ வெக்கட்டும். மஞ்சள், குங்குமம், எண்ணெய், மெழுகுவத்தி எதுவும் கல்லு மேல படக்கூடாது. கறை ஏறிச்சுன்னா போவாது." இதை நான் ஒவ்வொரு டிரிப்பிலும் இறங்குவதற்கு முன் மைக்கில் சொல்லிவிடுவேன்.

அதோடு இன்னொன்றும் சொல்வேன். "யுத்தத்துல செத்த நம்ம ஆளுங்க பேரெல்லாம் இங்க கல்லுல இருக்குதுங்க." பழைய கைடு சொன்ன வசனம் அது. நிஜமா பொய்யா என்று அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

3. மாதம்மாள் கேட்டது

எண்பதுகளின் நடுவில் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பார்ட்டி வந்தது. எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். அதில் மாதம்மாள் என்று ஒரு அம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். விடியற்காலை டீக்கு நிறுத்தியபோது டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"அண்ணா, நந்தம்பாக்கத்துல நம்ம ஆளுங்க பேரெல்லாம் கல்லுல இருக்குதுன்னு போன பார்ட்டியில வந்தவங்க சொன்னாங்க. நெசங்களா?"

"ஆமாங்க, இருக்குதுங்க."

"எங்கப்பன் பேரு இருக்குங்களா? முனியப்பன். நான் வவுத்துல இருக்கறப்ப மெட்ராஸ்ல ரயிலேத்தி பர்மா யுத்தத்துக்குக் கொண்டு போனாங்களாம். ஆளக் காணோம்னு ஒரே ஒரு காயிதம் வந்துச்சு. அவ்ளோதான்."

"இருக்குங்கம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் மைக்கில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். மாதம்மாளின் கணவருடைய அண்ணன், கோவிந்தசாமி. கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க்காக இருந்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா.

"ஏம்மா, உங்கப்பன் செத்திருந்தாத்தானே கல்லுல பேரு இருக்கும்? அந்த மனுசன் பர்மாக்காரிய கட்டிக்கிட்டு அங்கயே அரிசி யாவாரம் பண்ணிக்கிட்டு இருக்கறாருன்னு ஊரே பேசுது."

"பேசறவங்க போயிப் பாத்தாங்களா மாமா?" என்றார் மாதம்மாள்.

"நீ போயிப் பாத்தியா?"

"அதுக்குத்தான் இப்பப் போறேன்."

மாதம்மாள் டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பின்னாடியே வந்த அவருடைய கணவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "கல்யாணம் ஆனதுலருந்து இந்தப் பேச்சுதாங்க. எங்க வூட்டுல எதுக்குச் சண்டை வந்தாலும் கடைசியில பர்மாக்காரியிலதான் வந்து முடியும். அவங்க ஆத்தா சாகற வரைக்கும் இதக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. இன்னிக்கு அந்தக் கல்லக் காட்டிப்புட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

 பஸ் கிளம்பியதும் சின்னசாமி அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்குப் படிக்கவும் தெரியாது, எந்தக் கல்லுன்னு கண்டுபிடிக்கவும் தெரியாது. இல்லியா?" என்றார்.

"ஆமாண்ணா."

"அப்ப சிலுவ இல்லாத கல்லாப் பாத்து ஒண்ணக் காட்டு. அந்தம்மா கும்பிட்டுட்டு நிம்மதியாப் போவட்டும். யாருக்கு என்ன நட்டம்?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நேரத்துக்கு அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

4. மஞ்சள்

நந்தம்பாக்கத்தில் வழக்கமான இடத்தில் பஸ்ஸை நிறுத்தினோம். வழக்கப்படி மஞ்சள் குங்குமச் சட்டத்தையும் மைக்கில் சொன்னேன். எல்லாரும் உள்ளே போனார்கள். மாதம்மாள் என் பின்னாடியே வந்தார். மூன்றாம் வரிசையோ நான்காம் வரிசையோ, கோடியில் சிலுவை இல்லாத கல் ஒன்று நின்றது. பெயருக்கு மேலே முத்திரை மட்டும்தான் இருந்தது. அதைக் காட்டினேன்.

"இதுதாங்க."

வாய்விட்டு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.  முழங்காலிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான் தடுப்பதற்குள் மஞ்சளை எச்சில் தொட்டுக் குழைத்துக் கல்லின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். வேடியப்பனுக்கு வைக்கிற மாதிரியேதான்.

கூட வந்த பெண்களும் சுற்றி நின்று கும்பிட்டார்கள். மேஸ்திரி வாளியும் பிரஷ்ஷுமாக ஓடி வந்தார்.

"என்னப்பா அந்தோணி, சொல்லலையா இவங்களுக்கு?"

"எங்கப்பனுங்க" என்றார் மாதம்மாள், எழுந்திருக்காமலே.

மேஸ்திரி கல்லைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். அதற்குள் கோவிந்தசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லுக்குக் கிட்டே குனிந்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் தீபாவளி மாதிரி இருந்தது.

"ஏம்மா மாதம்மா, உங்கப்பன் பேரு வில்லியமா? வெள்ளக்காரனாயிட்டாரா அந்தாளு? நான் பர்மாக்காரின்னு சொன்னேன். இது லண்டன்காரியாட்டம் இருக்குதே!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாதம்மாள் சிரித்தவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணா?"

 என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அடுத்த கல் என்று சொல்லியிருக்கலாம், வரிசை தப்பிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய விரலில் மஞ்சள் இன்னும் காயவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பார்ட்டி முழுவதையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசினேன்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க. எந்தக் கல்லுல யார் பேரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. இந்தம்மா ஆசைப்பட்டாங்கன்னு வாய்க்கு வந்ததக் காட்டிப்புட்டேன். தப்பு என்னோடது. இவங்களப் பாத்துச் சிரிக்காதீங்க."

 நான் மேஸ்திரியிடமிருந்து பிரஷ்ஷை வாங்கிக் கல்லைத் தேய்க்க உட்கார்ந்தேன். மாதம்மாள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"வுடுங்க. நான் பூசுனத நானே கழுவறேன்."

தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, "இந்தப் பையனுக்கு என்ன வயசுங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டார். இருபத்திரண்டு என்றார் அவர். மாதம்மாள் தலையை ஆட்டிவிட்டு, எழுத்துப் பள்ளங்களில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தார். நல்லவேளை, கறை ஏறவில்லை.

5. பின்பக்கத்தில் இருந்த நம்பர்

கல்லைக் கழுவி முடித்த பிறகு மேஸ்திரி எங்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் சின்னக் கதவு வைத்த ஒரு பெட்டி உண்டு. அதை நூறு தடவை தாண்டியிருக்கிறேன். உண்டியல் என்று நினைத்திருந்தேன். திறந்தால் உள்ளே ஒரு புத்தகம். அங்கே இருக்கிற எல்லாப் பெயரும் வரிசையாக அதில் இருக்கிறது. மேஸ்திரி விரல் வைத்துத் தேடினார். முனியப்பன் இல்லை.

"பர்மா பக்கம் காணாமப் போனவங்க பேரு இங்க இருக்காதும்மா" என்றார். "அவங்களுக்கு ரங்கூன் பக்கத்துல பெரிய பெரிய தூணா நட்டு அதுல பேரு வெட்டியிருக்காங்க. அதுக்குத் தனிப் புத்தகம். எழுதிக் கேட்டா பாத்துச் சொல்லுவாங்க. ஆனா முனியப்பன்னு வெறும் பேரச் சொன்னா ஆவாது. எத்தினியோ முனியப்பன் இருப்பாங்க. பட்டாளத்து நம்பர் வேணும்."

"நம்பருக்கு நான் எங்கங்க போவேன்?"

"காகிதம் எதுனா இருக்குதா?"

"காயிதம் கரையான் தின்னுப்போச்சுங்க. ஆத்தா வெச்சிருந்த மெடலு ஒண்ணுதான் கெடக்குது." ரவிக்கைக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்தார். கல்லின்மேல் வைத்துக் கும்பிட எடுத்து வந்தாராம். நட்சத்திரம் மாதிரி ஒன்று, பித்தளை நிறம், கறுத்துப் போயிருந்தது.

மேஸ்திரி அதைத் திருப்பிப் பின்பக்கத்தை வெயிலில் காட்டினார். "நம்ம பட்டாளத்து மெடல்ல நம்பரு இங்கதான் வெட்டியிருக்கும்" என்றார். என்னைக் கூப்பிட்டு, அந்த வெறும் பரப்பைத் துடைக்கச் சொன்னார். பஸ்ஸிலிருந்து பிரேக் துடைக்கிற துணியைக் கொண்டு வந்து துடைத்தேன். பொடிப் பொடியாக எழுத்துக் கிளம்பியது.

"சார், உங்களுக்குக் கண்ணாடி இருக்குது. படிங்க" என்று மேஸ்திரி அதைக் கோவிந்தசாமியிடம் நீட்டினார். கோவிந்தசாமி கொஞ்சம் தயங்கினார். பிறகு வாங்கி, நம்பரைப் படித்தார். பிறகு பெயரைப் படித்தார். முனியப்பன்தான். ஒரு பேனாவை எடுத்து அவரே சிகரெட் அட்டையில் எழுதியும் கொடுத்தார். நாற்பது வருஷமாக அந்த நம்பர் மாதம்மாள் வீட்டுச் சுருக்குப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

தானே எழுதிக் கேட்டு வாங்கி அனுப்புவதாக மேஸ்திரி சொன்னார். பதில் எங்கள் டிராவல்ஸ் விலாசத்துக்கு வரட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

அன்றைக்கு மீதி பாயின்ட்டையும் காட்டித்தான் ஆக வேண்டும். கோட்டைப் பக்கம் நினைவுச் சின்னத்தில் இறங்கியதும் கோவிந்தசாமியிடம் போனேன். "சார், இங்க எழுதியிருக்கறத நீங்க படிச்சுச் சொல்லுங்க. கதைய நான் சொல்றேன்." அவருக்கு அது பிடித்துப் போயிற்று. வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து படித்தார். ஹைகோர்ட்டில் எம்டன் கல்லையும் அவர்தான் படித்தார். அப்போது மாதம்மாள் பின்னாலிருந்து, "அந்தக் கல்லுல எங்க மாமா பேரு போட்டிருக்குதான்னு நல்லாப் பாருங்க" என்றார். அன்றைக்கு அதிகம் சிரிப்பு வாங்கியது அதுதான்.

ஊருக்கு வந்ததும் முதலாளி கூப்பிட்டார். "உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நீயே பார்ட்டிகிட்ட சொன்னியாமே? நாளைக்கு எவன்டா நம்ம பஸ்ஸுல ஏறுவான்?" வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த மாதமே காரிமங்கலத்திலிருந்து இன்னொரு பார்ட்டி, "அந்த அந்தோணியத்தான் அனுப்பணும்" என்று கேட்டது. முதலாளி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

6. கோவிந்தசாமி படித்தது

மூன்று மாதம் ஆனது. ஒரு நாள் டிராவல்ஸுக்கு மாதம்மாள் பெயர் போட்டு ஒரு கவர் வந்தது. முதலாளி பிரிக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த சந்தை நாளில் காரிமங்கலம் பஸ் ஏறி, அங்கிருந்து அவர்கள் குடியிருக்கும் சின்ன ஊரான கொட்டாய்க்கு நடந்தேன்.

வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கவரைப் பார்த்ததும் மாதம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிரித்தார். முழுவதும் இங்கிலீஷ் டைப். என்னால் படிக்க முடியாது, அவருடைய கணவராலும் முடியாது. அந்தக் கொட்டாயில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

"மாமாவக் கூப்பிடுங்க" என்றார் மாதம்மாள்.

கோவிந்தசாமி வந்து கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். புளி தட்டியவர்கள் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். அவர் ஒரு வரி இங்கிலீஷிலும் ஒரு வரி தமிழிலுமாகப் படித்தார். நம்பர் சரி. பெயர் முனியப்பன். பர்மாவில் இறந்ததாக ஒரு தேதி. ரங்கூன் நினைவுத் தூணில் பெயர் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று ஒரு எண். அடுத்த வரிக்குப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்னங்க மாமா?"

"ஒண்ணுமில்ல. வெலாசம் போட்டிருக்குது."

"யாரு வெலாசம்?"

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "'இன்னார் புருசன்'னு போட்டிருக்குதும்மா."

 பர்மாக்காரி என்ற சொல் எல்லார் வாயிலும் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"எந்த இன்னார்?" என்றார் மாதம்மாள்.

"காவேரியம்மா. புளியங்கொட்டாய், சேலம் ஜில்லா." அந்தக் காலத்தில் தருமபுரி சேலம் ஜில்லாவில்தானே இருந்தது. காவேரியம்மாள் மாதம்மாளின் ஆத்தா.

கடிதத்தோடு மேஸ்திரி தமிழில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அதை நான் படித்தேன். "இந்த விவரங்கள் பெரும்பாலும் பட்டாளத்தில் சேரும்போது அந்தந்தச் சிப்பாய் தானே வாயால் சொல்லி எழுத வைத்தவை."

மாதம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அப்போதும் அழவில்லை.

"மாமா, அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க."

படித்தார்.

"கொஞ்சம் சத்தமாப் படிங்க. அந்தக் கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

கோவிந்தசாமி எழுந்து நின்றுகொண்டு படித்தார். மூன்றாம் தடவை யாரும் சொல்லாமல் அவராகவே படித்தார். பிறகு கடிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் மாதம்மாளிடம் கொடுத்தார். "இது பத்திரம்மா. கண்ணாடி போட்டு வெக்கணும். நானே கிருஷ்ணகிரியில போட்டுக் கொண்டாந்து தர்றேன்" என்றார். அந்த வீட்டில் பர்மாக்காரி பேச்சு அன்றோடு நின்றது என்று மாதம்மாளின் கணவர் பின்னால் சொன்னார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற கைடுகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டடத்தையும் கல்லையும் பார்க்க வருவதில்லை. தங்கள் வீட்டு விஷயம் ஒன்றைத் தேடி வருகிறார்கள். அது என்ன என்று பஸ் கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று உடனே சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் மாறினேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் மைக்கில் முதலில் இதைத்தான் கேட்பேன்: "உங்க வூட்டுல பட்டாளத்துக்குப் போயித் திரும்பாதவங்க யாராவது உண்டுங்களா? மெடலு, காயிதம் எது இருந்தாலும் கொண்டாங்க, நம்பரைப் பார்ப்போம்." பல டிரிப்பில் யாரும் கை தூக்க மாட்டார்கள். தூக்கியவர்களில் இதுவரை ஏழு பேருக்குக் கவர் வந்திருக்கிறது. ஏழையும் நானே கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.